கேயுன்: ஒரே தடவை பறந்த வேவு விமானத்துக்கு ஷாஃப்ட்தான் எமனா?

வாசகர் ஒருத்தர் கேட்டது:

"அண்ணே, ஜப்பான் கடற்படையோட கேயுன் வேவு விமானத்தைப் பத்தி தமிழ்ல ஒண்ணுமே இல்ல. எஞ்சின் நடு உடம்புல, ப்ரொப்பல்லர் மூக்குல, ரெண்டுக்கும் நடுவுல நீள ஷாஃப்ட். இப்படி கோமாளித்தனமா டிசைன் போட்டா எரியாம என்ன செய்யும்? ஜெர்மன்காரனோட ஹைன்கல் 119ஐ ஈயடிச்சான் காப்பி அடிச்சு, அதையும் ஒழுங்கா அடிக்கத் தெரியாம மாட்டிக்கிட்டாங்க. சரிதானே?"

மார்ச் 2, இரவு 11.10

பாதி சரி. எந்தப் பாதின்னு எழுதிக்கிட்டே யோசிக்கறேன்.

கேயுன்னா மங்கலமான மேகம்னு அர்த்தம். கடற்படை நம்பர்ல ஆர்2ஒய். செஞ்சது யோகோசுகாவுல இருந்த கடற்படையோட சொந்த விமானத் தொழில்நுட்பக் கூடம், சுருக்கமா கூகிஷோம்பாங்க. நீளம் 13 மீட்டர் சொச்சம், இறக்கை 14 மீட்டர், உள்ள ரெண்டே பேர். ரெண்டு எஞ்சினை ஒண்ணா கோத்து 24 சிலிண்டர், 3,400 குதிரைத்திறன், மூக்குல ஆறு இலை ப்ரொப்பல்லர், மூக்குக்கு அடியிலயும் ஒரு சக்கரம் வச்ச மூணு சக்கர அமைப்பு. 10,000 மீட்டர் உயரத்துல மணிக்கு 720 கிலோமீட்டர் போகும்னு கணக்கு. கணக்குன்னுதான் சொல்றேன், ஏன்னா நிஜத்துல 1945 மே 8ஆம் தேதி கிசராசு மைதானத்துல ஒரு தடவை ஏறி, வானத்துலயே தீப்பிடிச்சு இறங்கிடுச்சு. சோலி முடிஞ்சுது.

ஷாஃப்ட் மேல எனக்கும் சந்தேகம்தான். நான் விமானக்காரன் இல்ல, 22 வருஷம் விசைப்படகு எஞ்சின், ஷாஃப்ட் வேலை பார்த்தவன். எஞ்சினுக்கும் ப்ரொப்பல்லருக்கும் நடுவுல எவ்வளவு நீளம் இருக்கோ அவ்வளவு தலைவலி. படகு கரையில, ஸ்லிப்வேயில நிக்கறப்போ கப்ளிங் ரெண்டு முகத்துக்கும் நடுவுல ஃபீலர் கேஜ்ங்கற இடைவெளி அளக்கற தகடு விட்டு முடி அளவுக்கு சரி பண்ணி வச்சாலும், படகு தண்ணியில இறங்கினதும் உடம்பு கொஞ்சம் வளையும், மறுபடி போய் பார்க்கணும். பார்க்காம விட்டா ரெண்டாவது தடவை கடலுக்குப் போறப்போ பேரிங் கையை வைக்க முடியாத சூடு. விமான உடம்பு படகை விட லேசு, இன்னும் அதிகமா வளையும். அதனால என் ஓட்டு ஷாஃப்டுக்கு எதிராத்தான்.

மார்ச் 3, காலை 6.30

தூக்கக் கலக்கத்துல தப்பா எழுதிட்டேன். வானத்துல தீப்பிடிக்கல. கிட்டாஜிமாங்கற லெஃப்டினன்ட் கமாண்டர் ஓட்டினாரு, ஆயில் சூடு தாறுமாறா ஏற ஆரம்பிச்சதும் சட்டுனு திருப்பிக் கொண்டுவந்து இறக்கிட்டாரு. தீ பிடிச்சது சில நாள் கழிச்சு, தரையில எஞ்சினை ஓட்டிப் பார்க்கறப்போ. எஞ்சினையே மாத்தணும்னு ஆச்சு, மாத்தறதுக்குள்ள அமெரிக்கக் குண்டு விழுந்து விமானமே போச்சு.

இது சின்ன திருத்தம் இல்ல. ஷாஃப்ட் பேரிங் போனா முதல்ல அதிர்வு தெரியும், சத்தம் வரும். இங்க முதல்ல ஏறினது ஆயில் சூட்டைக் காட்டற முள்ளு. காலையில டீ குடிக்கறப்போதான் இது உறைச்சுது.

மார்ச் 3, மாலை

ஒருத்தர் வந்து ஒரே வரியில என் வாயை அடைச்சுட்டாரு: "பி-39 ஞாபகம் இல்லையா?"

இருக்கு சார், நேத்து மட்டும் இல்ல. அமெரிக்காவோட பெல் பி-39ல எஞ்சின் பைலட்டுக்குப் பின்னாடி, ஷாஃப்ட் அவர் சீட்டுக்கு அடியில போய் மூக்குல ப்ரொப்பல்லரைச் சுத்தும். கிட்டத்தட்ட பத்தடி. ரெண்டு துண்டா செஞ்சு நடுவுல பேரிங் வச்சிருந்தான், அதுதான் சூட்சுமம், உடம்பு வளைஞ்சாலும் ஷாஃப்ட் தாங்கிக்கும். 9,500க்கு மேல செஞ்சாங்க, அதுல பாதி மாதிரி ரஷ்யாக்காரன் வாங்கி ஜெர்மன் விமானங்களை விரட்டி விரட்டி அடிச்சான். அப்போ நீள ஷாஃப்ட் கோமாளித்தனம்னு சொல்ல முடியாது. என் ஓட்டை வாபஸ் வாங்கிக்கறேன். சுத்தியல் பிடிச்சவனுக்கு எல்லாம் ஆணியாத் தெரியற கதைதான், நான் ஷாஃப்ட் பிடிச்சவன்.

காப்பி விஷயத்துக்கு வருவோம். ஹைன்கல் 119 விமானம் ரெண்டை 1940ல ஜப்பான் கடற்படை காசு குடுத்து வாங்கி, பிரிச்சு மேஞ்சு பார்த்தது நிஜம். ஜெர்மனிக்காரன் அதுல 1937 நவம்பர் 22ல ஆயிரம் கிலோ சுமையோட ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 505 கிலோமீட்டர் வேகத்துல போய் உலக சாதனை பண்ணியிருந்தான், அப்புறம் கண்டுக்காம விட்டுட்டான். உடம்புக்குள்ள ஜோடி எஞ்சின், நீள ஷாஃப்ட், இந்த யோசனை அங்கிருந்துதான் வந்துச்சு. ஆனா ஹைன்கல்ல மூக்கு பூரா கண்ணாடி, ஆளுங்க ஷாஃப்டுக்கு ரெண்டு பக்கமும் உட்காரணும், எஞ்சின் தண்ணியை ஆவியாக்கி இறக்கைத் தகட்டுலயே குளிர வைக்கற வித்தை வேற. கேயுன் உடம்பு, ஆளுங்க உட்கார்ற கூண்டு, சக்கரம் எல்லாம் வேற வரைபடம். யோசனையை வாங்கினாங்க, வரைபடத்தை அவங்களே போட்டாங்க. கேள்வி கேட்ட தம்பி, காப்பிங்கற வார்த்தை இங்க ஒட்டாது.

மார்ச் 5, ராத்திரி, கரண்ட் வந்த பிறகு

ஷாஃப்ட் இல்லன்னா எது? ரெண்டு நாளா மண்டைக்குள்ள ஓடுது. நீளமா எழுதப் போறேன், பொறுமை இல்லாதவங்க அடுத்த குறிப்புக்குப் போயிடுங்க.

முதல்ல, எதுக்கு ரெண்டு எஞ்சினை ஒட்ட வைக்கணும்? வேவு விமானத்துக்கு வேகம்தான் கவசம். பார்க்கணும், படம் எடுக்கணும், துரத்தறவன் வர்றதுக்குள்ள வீடு வந்து சேரணும். மூவாயிரம் குதிரைத்திறன் இருந்தாத்தான் அந்த வேகம். அப்போ ஜப்பான்கிட்ட இருந்த நல்ல ஒத்தை எஞ்சின் ஹோமரே, ரெண்டாயிரத்தோட நின்னுடும். ரெண்டு எஞ்சினை ரெண்டு இறக்கையில வச்சா ரெண்டு மூக்கும் காத்தைத் தள்ளி வேகத்தைத் தின்னும். அதனால ரெண்டையும் உடம்புக்குள்ள ஒளிச்சு வச்சு ஒரே ப்ரொப்பல்லரைச் சுத்துவோம்னு முடிவு. காகிதத்துல இது புத்திசாலித்தனம், எனக்குச் சந்தேகமே இல்ல.

சிக்கல் எந்த எஞ்சினைத் தேர்ந்தெடுத்தாங்கங்கறதுல இருக்கு. அட்சுதா. ஜெர்மன் டைம்லர் பென்ஸ் டிபி 601ஐ லைசென்ஸ் வாங்கி ஐச்சி கம்பெனி செஞ்சது, தண்ணியில குளிர்ற எஞ்சின். இதே எஞ்சினுக்கு தரைப்படை தனியா லைசென்ஸ் வாங்கி கவாசாகியில செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஒரே நாடு, ஒரே ஜெர்மன் எஞ்சின், ரெண்டு லைசென்ஸ், ரெண்டு தொழிற்சாலை. பங்காளிச் சண்டை நம்ம ஊர்ல மட்டும் இல்ல.

டிபி 601ல கிராங்க்ஷாஃப்டோட கனெக்டிங் ராடு சேர்ற இடத்துல ரோலர் பேரிங். ஜெர்மன் மெஷினும் ஜெர்மன் எஃகும் இருந்தா அருமையா ஓடும். ஜப்பான்ல நிக்கல் தட்டுப்பாடு, கை தேர்ந்த தொழிலாளிங்களையே ராணுவத்துக்கு இழுத்துட்டாங்க, கிராங்க் உடையுது, பேரிங் கடிக்குது. மெக்கானிக் ஆளுங்களுக்கு எல்லாம் காத்துல குளிர்ற ரேடியல் எஞ்சின்தான் பழக்கம், தண்ணிக் குழாயைப் பார்த்தாலே பயம்.

அட்சுதா போட்ட சூசெய் குண்டுவீச்சு விமானமும் இதே கூகிஷோ டிசைன்தான். அதோட ஆரம்ப கால விமானம் ரெண்டை வேவு பார்க்க மிட்வே சண்டைக்கு சோர்யு கப்பல்ல கொண்டு போனாங்க. 1942 ஜூன் 4. அதுல ஒண்ணு அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களைப் பார்த்துடுச்சு. ஆனா ரேடியோ வேலை செய்யல. நேர்ல போய் சொல்லலாம்னு திரும்பி வந்தா சொந்தக் கப்பல் எரிஞ்சுக்கிட்டு இருக்கு, பக்கத்து ஹிர்யு கப்பல்ல இறங்கித்தான் விஷயத்தைச் சொன்னாங்க. வேவு விமானம்னா என்ன, அதுல வேகத்தை விட முக்கியமானது என்னன்னு இதை விட நல்லா யாரும் பாடம் எடுக்க முடியாது.

பிற்பாடு சூசெய்க்கே அட்சுதாவைத் தூக்கிட்டு மிட்சுபிஷியோட கின்செய் ரேடியலைப் போட்டாங்க. அந்தப் பக்கம் தரைப்படைக்கும் அதே கதை, எஞ்சின் வராம வெறும் உடம்பா நின்ன 275 கவாசாகி விமானத்துக்கு கின்செய் குடும்பத்து ரேடியலை மாட்டினாங்க, அதுதான் கி-100, ஓட்டினவங்க எல்லாம் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடினாங்க. ரெண்டு பக்கமும் இந்த எஞ்சினை விட்டு ஓடற நேரத்துல கேயுன்காரங்க அதுல ரெண்டை எடுத்து ஒட்ட வைக்கறாங்க!

மார்ச் 6

மேகப் பேர் பத்தி ஒருத்தங்க கேட்டிருக்காங்க. ஆமா, கடற்படையில வேவு விமானம்னா மேகம். சாயுன் வண்ண மேகம், ஷியுன் ஊதா மேகம், ஜுயியுன்னும் ஒண்ணு இருக்கு, அதுவும் நல்ல சகுன மேகம்தான். குண்டு போடறதுக்கு நட்சத்திரம், டார்பிடோ போடறதுக்கு மலை, பயிற்சி விமானத்துக்குச் செடி கொடி.

ஷியுன் கதை இன்னும் பாவம். கவானிஷி செஞ்ச கடல் விமானம், அடியில பெரிய மிதவை. எதிரி துரத்தினா மிதவையைக் கழட்டி விட்டுட்டு வேகமா தப்பிக்கலாம்னு ஏற்பாடு. மொத்தம் 15 செஞ்சு, ஆறை பலாவ் தீவுக்கு அனுப்பினாங்க. எதிரி துரத்தினான். மிதவை கழரல. காத்துச் சுரங்கத்துல சோதிச்சப்போ கழண்டுச்சாம்.

மார்ச் 9, ஞாயிறு

என் கதை ஒண்ணு. இதைச் சொல்லாம அந்த ஆயில் முள்ளு என்னை விடாது.

பல வருஷம் முன்னாடி ஒரு காண்ட்ராக்டர், பேர் வேண்டாம், மணல் இறைக்கற பம்ப் வச்ச ஒரு மிதவைக்கு பெரிய எஞ்சின் வாங்க காசில்லாம ரெண்டு பழைய லாரி எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கிட்டு, "ரெண்டையும் ஒரே பம்ப்ல கோத்துக் குடு"ன்னாரு. பெல்ட் போட்டுக் கோத்தோம். தனித்தனியா ஓட்டினா ரெண்டும் தங்கக் கம்பி. சேர்த்து ஓட்டினா ஒண்ணு சுமையை இழுக்கும், இன்னொண்ணு மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சும்மா சுத்தும். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தற கவர்னரைத் திருகித் திருகி ஒரு வாரம் போச்சு. ஒருவழியா சமமா வந்ததும், சத்தம் தாங்கலன்னு அவரே சுத்தி தகரம் அடிச்சுட்டாரு. ரேடியேட்டர் ரெண்டும் தகரத்துக்குள்ள. ஒண்ணு கக்கற சூட்டை இன்னொண்ணு இழுக்குது. முக்கால் மணி நேரத்துல ஆயில் முள்ளு சிவப்புக்குப் போச்சு. நான் கதவைத் திறந்து விடுங்கன்னேன், கதவுதான் எஞ்சினைக் காப்பாத்தப் போகுதான்னு சிரிச்சாரு. மூணாம் நாள் ஆயில் சீல் போய், எக்ஸாஸ்ட் மேல ஒழுகி, அப்புறம் என்ன, வாளி வாளியா மணலை அள்ளிக் கொட்டினோம். மணல் மட்டும் அங்க நிறைய இருந்துச்சு.

அதே கதைதான் கிசராசுலயும்னு நெனைக்கறேன். முதல்ல ஆயில் சூடு, அப்புறம் தரையில ஓட்டறப்போ தீ.

மார்ச் 10

நேத்து எழுதினதைப் படிச்சுட்டு "உங்க லாரி எஞ்சினும் கேயுனும் ஒண்ணாண்ணே?"ன்னு அதே தம்பி நக்கல். நியாயமான நக்கல். என் பம்ப் கதை சாட்சி ஆகாது, ஒத்துக்கறேன். சாட்சி ஜெர்மனியில இருக்கு.

ஹைன்கல் 177 குண்டுவீச்சு விமானத்துல டிபி 606 போட்டாங்க, அதுவும் ரெண்டு டிபி 601ஐ ஒரே கியர்பெட்டியில கோத்ததுதான். கேயுன் எஞ்சினுக்கு பெரியப்பா முறை. ரெண்டு எஞ்சினோட உள்பக்க எக்ஸாஸ்டும் நடுவுல நெருக்கமா வந்து சேரும், அங்க வெந்துக்கிட்டு இருக்கும், கீழ ஒழுகின ஆயிலும் பெட்ரோலும் தேங்கினா பத்திக்கும். எரியற சவப்பெட்டின்னு அவன் ஆளுங்களே பேர் வச்சாங்க. ஜெர்மன் கையால செஞ்ச எஞ்சினுக்கே அந்த கதின்னா, பேரிங் கடிக்கற அட்சுதா ரெண்டைச் சேர்த்து, இறக்கையில கூட இல்லாம உடம்புக்கு நடுவுல மூடி வச்சா?

மூடி வச்ச எஞ்சினுக்கு இன்னொரு தொல்லை. மூக்குல இருக்கற எஞ்சினுக்கு ப்ரொப்பல்லரே விசிறி, நின்னுக்கிட்டு இருந்தாலும் கொஞ்சம் காத்து கிடைக்கும். நடு உடம்புல இருக்கறதுக்கு துவாரம் வழியா வர்ற காத்து மட்டும்தான், வேகம் பிடிக்கற வரைக்கும் மூச்சு முட்டும். தரையில ஓட்டறப்போ பத்திக்கிட்டதுல எனக்கு ஆச்சரியமே இல்ல.

ஆக மார்ச் 2ல நான் சொன்ன ஷாஃப்ட் குற்றவாளி இல்ல, நிரபராதி. அன்னிக்கு எழுதினதை அழிக்கவும் மாட்டேன், அங்கயே கிடக்கட்டும்.

மார்ச் 14

இன்னொரு விஷயம், இதை முன்னாடியே சொல்லியிருக்கணும். 1945 மே மாசம் பறந்தப்போ கேயுன் வேவு விமானமே இல்ல.

ஆரம்பத்துல 1942ல ஆர்1ஒய்னு ஒரு திட்டம், வேகம் போதாதுன்னு கைவிட்டு, மறுபடி வரைஞ்சதுதான் ஆர்2ஒய். அது உருவாகறதுக்குள்ள போர் எங்கேயோ போயிடுச்சு. 1944 ஜூலையில சைபான் தீவு கை விட்டுப் போச்சு, இனி எதிரியைத் தேடி மூவாயிரம் கிலோமீட்டர் போக வேண்டியதே இல்ல, எதிரி தலைக்கு மேலயே நிக்கறான். அதோட நாகாஜிமாவோட சாயுன் ஏற்கெனவே 600 கிலோமீட்டர் வேகத்துல பறந்துக்கிட்டு இருக்கு, எந்த கிரம்மனும் (அமெரிக்கச் சண்டை விமானம்) எங்களைப் பிடிக்க முடியலன்னு தந்தி அடிச்சு பேர் வாங்கிடுச்சு, போர் முடியறதுக்குள்ள நானூறுக்கு மேல செஞ்சாங்க. கேயுனை மூட்டை கட்ட வேண்டிய நேரம்.

டிசைன்காரங்க விடல. இதே உடம்புல பிஸ்டன் எஞ்சினைக் கழட்டிட்டு ரெண்டு ஜெட் மாட்டினா வேகமான தாக்குதல் விமானம் ஆயிடும்னு சொன்னாங்க. கடற்படை தலையாட்டுச்சு. பாதி செஞ்சு வச்ச முதல் விமானத்தை மட்டும் பழைய எஞ்சினோட முடிங்க, உடம்பு எப்படிப் பறக்குதுன்னு பார்ப்போம்னாங்க. அதனால கிட்டாஜிமா ஓட்டினது வேவு பார்க்கறதுக்கான விமானத்தை இல்ல, வராத ஜெட்டுக்கான வாடகை உடம்பை. போட நெனைச்ச நெ-330 ஜெட் எஞ்சின் கடைசி வரைக்கும் எந்த விமானத்துலயும் ஏறல.

நிஜமா பறந்த ஜெட் கிக்கா. அதே கிசராசு மைதானம், ஆகஸ்ட் 7, ஹிரோஷிமாவுக்கு மறுநாள். தக்காவோகான்னு ஒரு பைலட். நாலு நாள் கழிச்சு ரெண்டாவது தடவை ஏற முடியாம ஓடுபாதையைத் தாண்டிப் போச்சு. அதுல இருந்த நெ-20 எஞ்சின் கதை தனியா எழுதணும்: ஜெர்மனியில இருந்து பெட்டி பெட்டியா ஜெட் எஞ்சின் சரக்கு ஐ-29ங்கற ஜப்பான் நீர்மூழ்கியில வந்துச்சு, அதுல வந்த அதிகாரி ஒருத்தர் சிங்கப்பூர்ல இறங்கி விமானத்துல ஊருக்குப் போயிட்டாரு, கப்பல் வழியிலயே மூழ்கடிக்கப்பட்டுச்சு, அவர் கையில இருந்த பிஎம்டபிள்யூ எஞ்சினோட சின்ன குறுக்குவெட்டுப் படம்தான் மிச்சம். அதை வச்சு கூகிஷோ ஆளுங்க எஞ்சினைச் செஞ்சு முடிச்சுட்டாங்க.

அந்த ஐ-29 யாருன்னு தெரியுதா? 1943 ஏப்ரல்ல மடகாஸ்கர் பக்கம் நடுக்கடல்ல ஜெர்மன் நீர்மூழ்கியில இருந்து நேதாஜியை ஏத்திக்கிட்டு சுமத்ரா பக்கம் இருக்கற சபாங் கொண்டுபோய் விட்டது இதுதான். நான் இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன், ஒருத்தரும் கண்டுக்கல.

மார்ச் 15

கேயுன் பிளாஸ்டிக் மாடல் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், 72ல ஒரு பங்கு அளவு. மூணு சக்கர விமானம்னா மூக்குல எடை வைக்கணும், இல்லன்னா வால் தட்டி உட்கார்ந்துடும். தூண்டில் ஈயக்குண்டை நசுக்கி நசுக்கி உள்ள திணிச்சேன். திணிக்கறப்போ தோணுச்சு, நிஜ விமானத்துல கனமான எஞ்சின் நடுவுல, மூக்குல வெறும் ஷாஃப்டும் ப்ரொப்பல்லரும், கூடவே ரெண்டு மனுஷங்க. மூக்கு மெலிசா, நீளமா, அழகா இருக்கறதே அதனாலதான். அசிங்கமான விமானம்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு, பக்கவாட்டுல இருந்து ஒரு தடவை பாருங்க சார்.

மார்ச் 21

கூகிஷோ ஆளுங்க போருக்கு அப்புறம் என்ன ஆனாங்கன்னு கேட்டிருந்தாங்க. விமானம் செய்யவே தடை. நிறைய பேர் ரயில்வே ஆராய்ச்சிக்குப் போனாங்க. கிங்கா குண்டுவீச்சு விமானத்தையும், ஆளோட போய் மோதற ஓக்காவையும் வரைஞ்ச மிக்கி தடனாவோதான் 1964ல ஓடின ஷின்கான்சென் முதல் ரயிலோட மூக்கை வடிவமைச்சவரு. ஜப்பானோட ஜீரோ சண்டை விமானம் ஏன் அதிர்ந்து உடையுதுன்னு கண்டுபிடிச்ச மட்சுதைரா தடாஷி, அதே கணக்கை வச்சு ரயில் போகி ஏன் ஆடுதுன்னு கண்டுபிடிச்சாரு. ஓக்காவைப் பத்தி மிக்கி ஆயுசு பூரா வருத்தப்பட்டிருக்காரு, ரயிலுக்குப் போனதுக்கு அதுவும் ஒரு காரணம்னு அவரே சொல்லியிருக்காரு.

மாடல் நிலவரம் கேட்டவங்களுக்கு: பெயின்ட் ஆச்சு, கரும்பச்சை. நேத்து ஷெல்ஃபை மாத்தறப்போ ஆறு இலை ப்ரொப்பல்லர்ல ஒரு இலை உடைஞ்சு எங்கயோ விழுந்துடுச்சு. ரெண்டு மணி நேரம் தரையில படுத்து டார்ச் அடிச்சுத் தேடினேன், பூனையையும் விசாரிச்சாச்சு. அஞ்சு இலையோடதான் நிக்குது. ஓட்டினா பயங்கரமா அதிரும்.